அரையகப்பை மேடு

ரொம்ப ரொம்ப முன்னால, ரோடும் கரண்டும் எட்டிப் பாக்காத நாள்ல, நொய்யல் ஆத்துக்குத் தெக்க கொழிஞ்சிப்பாளையம்னு ஒரு ஊரு இருந்துச்சுங்க. இப்பவும் இருக்குது. அப்ப நூறு குடி. செம்மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த பூமி. மானம் பேஞ்சா கம்பு, சோளம், கொள்ளு. பேயலைன்னா வெறும் கொழிஞ்சிச் செடி. அந்த ஊர்ல தேவணப் பண்ணாடின்னு ஒருத்தரு இருந்தாராம். எங்க அப்பாருக்கு அப்பாரு, அதாவது தாத்தாவுக்குத் தாத்தா. பண்ணாடின்னா பெரிய பண்ணையம் வெச்சு நாலு பேருக்கு வேலை குடுக்கறவரு. வேலைக்கு வர்றவங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க.

அவருக்கு என்ன குறை? தோட்டம் இருந்துச்சு. வாசல்ல மூணு தானியக் குழி இருந்துச்சு. ஆள் உயரத்துக்கு மண்ணைத் தோண்டி, சுத்தியும் வைக்கோல் பிரி வெச்சு, தானியத்தைக் கொட்டி மூடிருவாங்க. நாலஞ்சு வருசத்துக்குக் கெடாது. சம்சாரம் பாவாத்தா இருந்தாங்க. ரெண்டு பசங்க இருந்தாங்க. இத்தனையும் போக ஒரு குதிரை இருந்துச்சு.

பெட்டைக் குதிரை. பேரு செவந்தி. செம்பு நெறம், நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தக் குதிரைக்கு என்ன வேலைன்னு கேட்டா, வேலை ஒண்ணுமில்லை. உழவுக்கு எருது இருக்குது, பாரத்துக்கு வண்டி இருக்குது. வாரத்துக்கு ஒருக்காச் சந்தைக்கு அது மேல ஏறிப் போவாரு, வருவாரு. மத்த ஆறு நாளும் அது கட்டுத்தறியில நிக்கும், அவரு பக்கத்துல நின்னு அதைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. அவ்வளவுதான்.

காலையில ஒரு படி கொள்ளு, சாயங்காலம் ஒரு படி கொள்ளு. ஊறப்போட்டு, வேக வெச்சு, உப்புப் போட்டு, ஒரு கட்டி வெல்லம் உதுத்து, கையாலயே ஊட்டுவாராம். பெத்த பசங்களுக்கு அவர் ஒரு வாய் ஊட்டி யாரும் பாத்ததில்லைன்னு பாவாத்தா சொல்லுவாங்களாம். கோவமாச் சொன்னாங்களா, சிரிச்சுக்கிட்டுச் சொன்னாங்களான்னு எங்களுக்குத் தெரியலை.

பாடு இப்படி இருக்கையில தாது வருசப் பஞ்சம் வந்துச்சு.

ஒரு ஆடி போச்சு, மழை இல்லை. ஐப்பசி போச்சு, மழை இல்லை. மறு சித்திரையும் போச்சு. கிணறு வத்துச்சு, குளம் வெடிச்சுது. சனங்க முதல்ல ஆடு மாட்டைத் தின்னாங்க. அப்புறம் கத்தாழைக் கிழங்கைத் தோண்டித் தின்னாங்க. அப்புறம் எறும்புப் புத்தை வெட்டி, எறும்பு சேத்து வெச்ச புல்லரிசியை முறத்துல புடைச்சுத் தின்னாங்க. அதுவும் தீந்துபோச்சு. கடல் தாண்டிக் கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போனவன் போனான். போகமுடியாதவன் இருந்த இடத்துலயே படுத்தான்.

தேவணப் பண்ணாடி நல்ல மனுசருங்க. அதை மறைக்க வேண்டியதில்லை. சுத்துப்பட்டுல குழி வெச்சிருந்தவங்க இன்னும் ஆறேழு பேரு. எல்லாரும் குழி மேல கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிட்டாங்க. இவரு ஒருத்தருதான் குழியைத் திறந்தாரு. ஊருக்குக் கிழக்கால ஒரு மேடு இருக்குது, அதுல ஒரு இச்சிமரம். அங்க மூணு கல்லுக் கூட்டி, மொடான்னு பெரிய பானையை வெச்சு, தினம் உச்சிப்பொழுதுக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சுனாரு. ஆளுக்கு ஒரு அகப்பை. கொட்டாங்குச்சியில மூங்கில் காம்பு சொருகுன அகப்பை. அடுத்தவங்க ஊத்துனா மூஞ்சியைப் பாத்து ஊத்துவாங்கன்னு, அவரே நின்னு ஊத்துவாராம்.

முதல் வாரம் நூறு பேரு வந்தாங்க. அடுத்த மாசம் எரநூறு. அப்புறம் முன்னூறுக்கு மேல. எங்கெங்கிருந்தோ வந்தாங்க. மொடா அதே மொடாதான். மழை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, அதனால ஒரு நாளைக்கு இத்தனை படிதான்னு அளந்து எடுத்தாரு. வரிசையில முன்னால நின்னவங்களுக்குக் கிடைக்கும். வால்ல நின்னவங்களுக்கு மொடாவைச் சுரண்டற சத்தம்தான் கிடைக்கும்.

அப்படி வால்ல நின்னவ ஒருத்தி மாராயி. அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தவ பொட்டப்புள்ளை, எட்டு வயசு. சின்னவன் மூணு வயசுப் பையன். பையனை இடுப்புல வெச்சுக்கிட்டு ரெண்டு கல் தூரம் நடந்து வருவா. ரெண்டு நாளா அவ வர்றதுக்குள்ள மொடா காலி. மூணாம் நாள் விடிய அந்தப் பையன் எந்திரிக்கலை. அவ கொண்டுபோய் ஓடைக்கரையில பொதைச்சுட்டு, மூத்தவளைக் கூட்டிக்கிட்டு அன்னைக்கும் மேட்டுக்கு வந்தாளாம். அன்னைக்கு அவளுக்குக் கஞ்சி கிடைச்சுது.

வாங்கிட்டு அவ மரத்தடியில போய் உக்காந்தா. உக்காந்து பாத்தா, பக்கத்துல நஞ்சாயி உக்காந்திருக்கா.

நஞ்சாயி தனிக்கட்டை. பண்ணாடி பட்டியில ஆடு மேய்ச்சவ. புருசன் எப்பவோ போயிட்டான். ஆடெல்லாம் பஞ்சத்துல போச்சு. ஆட்டுக்குக் காவல் இருந்த நாய் மட்டும் அவகூட நின்னுபோச்சு. சொக்கன்னு பேரு. கறுப்பு நாய், ஒரு காது கிழிஞ்சது. நஞ்சாயி தன் சட்டியில இருக்கற கஞ்சியைப் பாதி குடிச்சா. மீதியைச் சட்டியோட கீழ வெச்சா. நாய் நக்கிக் குடிச்சுது.

மாராயி பாத்தா. அப்புறம் எந்திரிச்சு நேராப் பண்ணாடிகிட்டப் போனா.

"பண்ணாடி, நேத்து எம்பையனுக்கு இல்லைன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. தீந்துபோச்சு."

"அங்க நாய்க்கு ஊத்தறா பாருங்க."

பண்ணாடி திரும்பிப் பாத்தாரு. வரிசையில நின்ன முன்னூறு பேரும் திரும்பிப் பாத்தாங்க. நஞ்சாயியைக் கூப்பிட்டாரு. அவ வந்து நின்னா. நாயும் வந்து நின்னுச்சு.

"நஞ்சாயி, மனுசனுக்கு ஊத்தறதை நீ நாய்க்கு வெக்கறயா?"

"என் பங்குலதானுங்க வெச்சேன், பண்ணாடி. ஒரு அகப்பைக்கு மேல நான் கேக்கலையே."

"பசிச்ச வாய்க்குன்னுதான் நான் ஊத்தறேன். பாதி போதும்னா பாதி வாங்கு. மீதி இன்னொருத்தருக்கு ஆகுமில்லை? புள்ளைங்க செத்துக்கிட்டு இருக்குது."

நஞ்சாயி தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாளாம்: "பதினோரு வருசம் ஆட்டுக்குக் காவல் இருந்துச்சுங்க. ஆடு இல்லாமப் போனது அது குத்தமுங்களா?"

வரிசையில நின்னவங்க சத்தம் போட்டாங்க. நாயை அடிச்சு வெரட்டுங்கன்னாங்க. பண்ணாடி கையைக் காட்டி அமத்துனாரு. அமத்திட்டுத் தீர்ப்புச் சொன்னாரு. "நாளையிலிருந்து உனக்கு அரை அகப்பை. மிச்ச அரை, வால்ல நிக்கற ஒருத்தருக்கு."

"சரிங்க பண்ணாடி"ன்னா நஞ்சாயி.

எல்லாரும் சரின்னாங்க. ஞாயம்னாங்க. அன்னைக்கு அந்த மேட்டுல நீங்க இருந்திருந்தாலும், நான் இருந்திருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்போம்.

மறுநாள் நஞ்சாயி வந்தா. அரை அகப்பை ஊத்துனாரு. அவ போய் மரத்தடியில உக்காந்தா. அரையில பாதி குடிச்சா. மீதிப் பாதியை நாய்க்கு வெச்சா.

அதுக்கு மறுநாளும் வந்தா. அரை அகப்பை. பாதி அவளுக்கு, பாதி நாய்க்கு. பண்ணாடி பாத்தாரு. முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் என்னாச்சுன்னா, ஒரு நாள் காலையில பண்ணாடி கட்டுத்தறிக்குப் பின்னால போனாரு. அங்க குதிரைச் சாணம் குமிச்சிருக்கற இடத்துல ஒரு பொம்பளை குத்த வெச்சு உக்காந்திருக்கா. கையில ஒரு ஓட்டைக் கூடை. சாணத்தை அள்ளிக் கூடையில போட்டு, கொஞ்சூண்டு தண்ணியை ஊத்தி அலசிக்கிட்டு இருக்கா. பாத்தா மாராயி.

"என்னம்மா பண்றே?"

அவ எந்திரிக்கலை. "கொள்ளுங்க. குதிரை மெல்லாம முழுங்கறது அப்படியே முழுசா வருது. ஒரு கூடை அலசுனா ஒரு கை தேறுது. புள்ளைக்கு வறுத்துக் குடுத்தாத் திங்கறா."

அவ அலசிக்கிட்டே கேட்டா.

"ஒரு நாளைக்கு எத்தனை படிங்க இந்தக் குதிரைக்கு?"

"ரெண்டு படி."

"ரெண்டு படி கொள்ளை மொடாவுல போட்டா எத்தனை அகப்பை வருமுங்க?"

அவருக்குக் கோவம் வந்துச்சாம். வராம இருக்குமா? "இத பாரு மாராயி, என் குழி, என் கொள்ளு, என் குதிரை. முன்னூறு பேருக்கு ஊத்தறேன். குழி மேல கட்டில் போட்டுப் படுத்திருக்கறவன் வாசல்ல போய் இதைக் கேளு. ஊத்தறவன்கிட்டதான் எல்லாரும் கேக்கறீங்க."

"ஊத்தறதுக்குக் கும்பிடறோமுங்க. அது வேற. நான் அவங்களைக் கேக்க முடியாது, அவங்க நாயை விட்டுத் தொரத்துவாங்க. நீங்கதான் நாய்க்கு ஊத்தறது தப்புன்னு சொன்னீங்க. உங்க வாயில இருந்து வந்துச்சு. நாய்க்குத் தப்புன்னா குதிரைக்கு எப்படிங்க சரி?"

அவ கூடையைத் தட்டி, தேறுன கொள்ளை முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா.

அன்னைக்கு அவர் சாப்பிடலையாம். பாவாத்தா கேட்டாங்க, என்னங்க ஆச்சுன்னு. நடந்ததைச் சொன்னாரு. சொல்லிட்டு, "ஊருக்குள்ள எத்தனை பேரு கழுத்துல நகை தொங்குது. உன் கழுத்துல காசுமாலை கிடக்குது. அதெல்லாம் அவ கண்ணுக்குத் தெரியலை. வாயில்லாச் சீவன் ஒண்ணு திங்கறதுதான் தெரியுது"ன்னாரு.

பாவாத்தா யோசிச்சுட்டுச் சொன்னாங்களாம்: "என் காசுமாலை கொள்ளுத் திங்கலைங்களே." அப்புறம், "வேணும்னா இதையும் கழட்டித் தர்றேன். வித்துக் கம்பு வாங்குங்க. கம்பு விக்கறவன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க"ன்னாங்க.

விக்கறவன் யாரும் இல்லை. அந்த வருசம் தங்கத்துக்குத் தானியம் குடுக்கறவன் கிடையாது.

மறுநாள் விடிஞ்சதும் பண்ணாடி ரெண்டு படி கொள்ளை அவரே தூக்கிக்கிட்டு வந்து மொடாவுல கொட்டுனாரு. கஞ்சி கெட்டியாச்சு. தண்ணி சேத்தாங்க. அன்னைக்கு வால்ல நின்னவங்கள்ல பதினெட்டுப் பேருக்குக் கூடுதலாக் கிடைச்சுது. பதினெட்டுன்னு எங்க குடும்பத்துல கணக்காச் சொல்லுவாங்க. அவரே எண்ணி இருப்பாரு போல. அடுத்த நாளும் பதினெட்டு. அதுக்கடுத்த நாளும் பதினெட்டு. அதுல எத்தனை பேரு மழையைப் பாத்தாங்கன்னு யாரும் எண்ணலை.

செவந்திக்கு என்ன வெச்சாங்க? காஞ்ச சோளத்தட்டு வெச்சாங்க. அது தீந்ததும் பனை ஓலையை வெட்டிப் போட்டாங்க. காலையில ஊட்டற நேரத்துக்கு அது கனைக்குமாம். அவரு போக மாட்டாராம். சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்திப் பாத்தாரு. பஞ்சத்துல குதிரை வாங்கறவன் யாரு? தோலுக்கு வேணும்னா எடுத்துக்கறேன்னு ஒருத்தன் கேட்டான். திருப்பி ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு. வரும்போது அது மேல ஏறலை. கயித்தைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நடந்தே வந்தாங்களாம்.

வீட்டுல அப்ப ஒரு நேரச் சோறுதான். பண்ணாடிக்கு ரெண்டு உருண்டை ராகிக் களி, பாவாத்தாவுக்கு ஒண்ணரை, பசங்களுக்கு ஒவ்வொண்ணு. ஒரு நாள் பாவாத்தா கவனிச்சாங்க. களி போட்டு அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் பாத்தா வட்டில் காலி. இத்தனை வெரசா இவர் சாப்பிட மாட்டாரேன்னு நெனைச்சாங்க. மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் பின்னாலயே போய்ப் பாத்தாங்க. வேட்டி மடிப்புல இருந்து ஒரு உருண்டைக் களியை எடுத்து, பிச்சுப் பிச்சு, குதிரை வாயில வெச்சுக்கிட்டு இருக்காரு.

பாவாத்தா பக்கத்துல வந்தாங்க. கட்டுத்தறிக் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவர் திரும்பினாரு.

"என் பங்குலதான் வெச்சேன் புள்ளை"ன்னாராம்.

சொன்னதும் அவருக்கே அது காதுல விழுந்துருச்சு. இதே பேச்சை யாரு சொன்னாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

பாவாத்தா சொன்னாங்க: "சரிங்க. நஞ்சாயிக்கு அரைதானே ஊத்தறீங்க? பாதி போதும்னா பாதி வாங்குன்னு சொன்னீங்களே. உங்களுக்கும் நாளையிலிருந்து ஒரு உருண்டை போடறேன். மிச்ச உருண்டை மேட்டுக்குப் போகட்டும்."

"போடு"ன்னாரு.

அந்தம்மா போட்டாங்க. ஒரு உருண்டைதான் போட்டாங்க. விளையாட்டுக்குச் சொல்லலை. அவரும் அந்த ஒரு உருண்டையில பாதியைத் தின்னுட்டுப் பாதியைக் கொண்டுபோய்க் குதிரைக்குக் குடுத்தாரு. அதுல குதிரைக்கு என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அவருக்கும் தெரியும். ஆனாலும் குடுத்தாரு. இப்படிப் பத்து நாள் போச்சு. பத்தாம் நாள் மேட்டுல கஞ்சி ஊத்தறாரு. அகப்பை தளும்புது. இச்சிமரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னு நின்னு ஊத்தறாரு.

வரிசையில நஞ்சாயி வந்தா. எலும்பும் தோலுமா இருக்கா. நாய் அதைவிட மோசம். சட்டியை நீட்டுனா. அரை அகப்பை ஊத்துனாரு. அவ நகரப் போனா.

"நில்லு"ன்னாரு.

நின்னா.

"இத்தனை நாளா அந்த அரையிலும் பாதி வெக்கறயே. நீ செத்துப்போவே, தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு வெக்கறே?"

நஞ்சாயி நாயைத் திரும்பிப் பாத்தா. "நான் குடிக்கறப்ப அது பாத்துக்கிட்டு இருக்குதுங்க"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. பெரிய பேச்செல்லாம் அவளுக்கு வராது. பண்ணாடி அகப்பையை மறுபடியும் மொடாவுல விட்டாரு. இன்னொரு அரை மொண்டு அவ சட்டியில ஊத்துனாரு.

வரிசையில பின்னால மாராயி நிக்கறா. அவ பாத்துட்டா. அவ கேக்காம விடுவாளா?

"பண்ணாடி, அந்த ரெண்டாவது அரை யாருக்குங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. ஊத்துனதுக்கு அப்புறம் அது அவளுது. யாருக்கு வெப்பாளோ, அவ பாடு."

"அப்படீன்னா முன்ன சொன்னது?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

முன்னூறு பேரும் கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. பண்ணாடி வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை அந்தக் காலத்துல வராதுங்க. மாராயி அதுக்கும் அசையலை. வரிசையை விட்டு வெளிய வந்து அவரு முன்னால நின்னா.

"அது அவளுதுன்னா, அன்னைக்கு எம்பையனுக்கு வராமப் போச்சே ஒரு அகப்பை. அது யாருதுங்க?"

நஞ்சாயி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தன்னைத்தான் கேக்கறான்னு நெனைச்சா. எல்லாரும் அப்படித்தான் நெனைச்சாங்க. பண்ணாடி அகப்பையைக் கீழ வெச்சாரு.

"அது நஞ்சாயிது இல்லைம்மா. அது நான் குதிரைக்கு வெச்சது. மொடாவுக்கு வந்திருக்க வேண்டியதை நான் கட்டுத்தறியில வெச்சேன். உம்பையன் அகப்பை அதுல போச்சு."

மாராயி அவரையே பாத்துக்கிட்டு நின்னா. அழுதாள்னு சிலர் சொல்லுவாங்க. இல்லைன்னு என்னைப் பெத்த அய்யன் சொல்லுவாரு. அவ அழுதா கேக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு யாரோ பின்னால சேத்ததுன்னு அவரு சொல்லுவாரு. அவ நின்னா, அவ்வளவுதான். பண்ணாடி திரும்ப அகப்பையை எடுத்து ஊத்த ஆரம்பிச்சாரு.

அன்னையில இருந்து அவர் வீட்டுல சாப்பிடலை. எல்லாருக்கும் ஊத்தி முடிச்சுட்டு, வரிசையோட வால்ல போய்ச் சட்டியோட நிப்பாராம். பாவாத்தா வந்து ஊத்துவாங்க. இருந்தா உண்டு. இல்லாட்டி இல்லை. இருந்த நாள்ல அதுல கொஞ்சத்தைக் கட்டுத்தறிக்கு எடுத்துக்கிட்டுப் போவாராம். பாவாத்தா அதைக் கண்டுக்கலை. ஆனா குழியில இருந்து ஒரு கை கொள்ளுகூட அந்தக் குதிரைக்கு அப்புறம் போகலை. குழி மொடாவுக்கு, சட்டி அவரவர் இஷ்டத்துக்கு. அப்படி ஒரு கோடு போட்டுக்கிட்டாரு. அது சரியான கோடுதானான்னு எங்க சனத்துக்குள்ள இன்னிக்கும் ரெண்டு கச்சி இருக்குது. வாங்கற சட்டியில பாதி நாய்க்குப் போனா, அந்த அரை அகப்பை இன்னொரு புள்ளைக்கு இல்லாமப் போகுதே, அதுக்கு என்ன சொல்றீங்கன்னு எங்க சின்னம்மா கேக்கும். எங்க அய்யனால பதில் சொல்ல முடிஞ்சதில்லை. நானும் சொல்லப் போறதில்லை.

செவந்தி ஆவணி மாசம் செத்துப்போச்சு. காலையில போய்ப் பாத்தா படுத்திருந்துச்சு. சனங்க வந்து நின்னாங்க. எதுக்கு நின்னாங்கன்னு பண்ணாடிக்குத் தெரியும். பசி. பொதைக்கறேன்னு அவர் சொல்லியிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டாங்க. அவர் குதிரை நெத்தியில அந்த வெள்ளைப் பொட்டை ஒருக்காத் தொட்டுட்டு வீட்டுக்குள்ள போயிட்டாரு. பொழுது சாய வெளிய வந்தாரு. கட்டுத்தறியில கயிறு மட்டும் இருந்துச்சு. அதுக்கப்புறம் முப்பது வருசத்துக்கு மேல இருந்தாரு. குதிரை வாங்கலை. எங்க போனாலும் நடைதான்.

ஐப்பசியில மழை வந்துச்சு. மூணு நாள் விடாம வந்துச்சு. நஞ்சாயி பொழைச்சுக்கிட்டா. பண்ணாடி பட்டியில மறுபடியும் ஆடு வாங்கி விட்டாங்க, அவதான் மேய்ச்சா. நாய் என்னாச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. எனக்குச் சொன்னவங்க யாரும் அதைச் சொல்லலை. நானும் கேட்டிருக்கேன், சின்ன வயசுல. தெரியலைன்னுட்டாங்க.

அடுத்த வருசம் பங்குனியில, குழியில புதுக் கம்பு விழுந்ததும், பண்ணாடி அதே மேட்டுல அதே மொடாவை வெச்சு ஊருக்கெல்லாம் கஞ்சி ஊத்துனாரு. பஞ்சம் போனதுக்கு. அதுல இருந்து வருசம் தவறாம நடக்குது. அந்த இடத்துக்கு அரையகப்பை மேடுன்னு பேரு. சர்க்கார் காயிதத்துலகூட அப்படித்தான் எழுதியிருக்குது. இச்சிமரம் போயிருச்சு. மூணு கல்லு இருக்குது.

அங்க கஞ்சி ஊத்தறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. எங்க வீட்டு ஆளுதான் ஊத்தணும். முதல்ல அரை அகப்பை ஊத்தணும். ஊத்திட்டு நிறுத்தணும். அப்புறம் இன்னொரு அரை ஊத்தணும். ரெண்டாவது அரை ஊத்தறப்பச் சட்டியைப் பாக்கக் கூடாது, கிழக்கே முகத்தைத் திருப்பிக்கணும். வாங்கினவங்க அதைக் குடிக்கலாம், நாய்க்கு வெக்கலாம், காக்காய்க்கு வெக்கலாம், கீழயும் கொட்டலாம். யாருக்குன்னு கேக்கக் கூடாது. ஊத்தறவங்க கடைசியா, வால்ல நின்னு வாங்கணும். வெளியூர்க்காரங்க பாத்துட்டு ஏதோ சாமி காரியம்னு நெனைச்சுக்குவாங்க.

ஆனா ஒரு வகையறாவுக்கு மட்டும் அந்த முறை இல்லை. அந்த முதல் பங்குனியில மாராயி மகளைக் கூட்டிக்கிட்டு வந்தாளாம். சட்டியை நீட்டுனா. பண்ணாடி அரை ஊத்திட்டு நிறுத்துனாரு. மாராயி சட்டியைக் கவுத்துக் கஞ்சியைத் திரும்ப மொடாவுலயே ஊத்திட்டா. ஊத்திட்டு மறுபடியும் நீட்டுனா.

"எனக்கு ரெண்டா வேண்டாம் பண்ணாடி. எம்பையனுக்கு வராமப் போன முழு அகப்பை ஊத்துங்க. ஒரே ஊத்தா ஊத்துங்க"ன்னா.

ஊத்துனாரு.

இப்பவும் மாராயி வகையறா வர்றாங்க. மக வழியில வந்தவங்க. இருவத்தஞ்சு, முப்பது பேரு, திருப்பூர்ல இருந்து வேன் வெச்சுக்கிட்டு வருவாங்க. அவங்க வந்தா வரிசை ஒதுங்கி வழி விடும். நாங்க அகப்பை நிறைய மொண்டு, சட்டியைப் பாத்துக்கிட்டே, ஒரே ஊத்தா ஊத்துவோம். அவங்க வாங்கிட்டுப் போவாங்க.